10 சென்ட் விளைக்கு 264 அடி வேலி போதுமா? (சுற்றளவுக் கணக்கு)

விளைக்காரன் | 3 ஜூன், காலை 7.10

கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்சந்தை பக்கம் 10 சென்ட் விளை (தோட்ட நிலம்). தென்னை, கொஞ்சம் வாழை, ஓரத்தில் ஒரு அயனிப்பலா. முள்கம்பி வேலி போடணும். கம்பிக் கடையில் "10 சென்டா? 264 அடி, வேலிக்கால் 33" என்று வாயிலேயே கணக்குச் சொல்லிச் சீட்டு எழுதித் தந்தாச்சு. சுற்றளவு என்றால் 2 × (நீளம் + அகலம்). நீளமும் கேட்கவில்லை, அகலமும் கேட்கவில்லை. அப்புறம் 264 எங்கிருந்து வந்தது? இதை நம்பி வாங்கலாமா?

சர்வேகல் | 3 ஜூன், காலை 8.25

264 சும்மா வந்த எண் இல்லை. 1 சென்ட் 435.6 சதுர அடி, 10 சென்ட் 4,356 சதுர அடி. அது 66 × 66. பழைய சர்வேச் சங்கிலியின் நீளம் 66 அடி, அதில் 100 லிங்க். ஒரு சங்கிலிக்கு ஒரு சங்கிலி சதுரமாக இருந்தால் சரியாக 10 சென்ட், சுற்றளவு 4 × 66 = 264.

சதுரமாக இருந்தால் மட்டும். அதே 10 சென்ட் 33 × 132 ஆக இருந்தால் 330 அடி. 22 × 198 ஆக இருந்தால் 440 அடி. பரப்பு ஒரு சதுர அடி கூட மாறவில்லை, வேலி மட்டும் 176 அடி கூடிவிட்டது. கடைக்காரர் சொன்னது 10 சென்டுக்கு வரக்கூடிய ஆகக் குறைந்த செவ்வக வேலி. நம்ம ஊரில் ரோட்டோரம் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் கிடக்கும் மனைதான் கண்ணில் படுகிறது, சதுரம் அபூர்வம்.

பட்டாவில் பரப்பு மட்டும்தான் இருக்கும், அதுவும் ஹெக்டேர், ஏர் கணக்கில் (1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட்). பக்க அளவு வேண்டுமென்றால் புலப்படம் (சர்வே வரைபடம்) எடுங்க. மீட்டரில் இருந்தால் 3.28 ஆல் பெருக்குங்க. பக்கத்தைச் சொல்லுங்க, அப்புறம் கணக்குப் போடலாம்.

விளைக்காரன் | 3 ஜூன், காலை 9.02

ரோட்டோரம் 40 அடி, உள்ளே 109 அடி. கேட் 10 அடி, ரோட்டுப் பக்கத்தில் ஒரு மூலையை ஒட்டி.

நூல்பிடி | 3 ஜூன், பகல் 1.15

40 + 109 = 149, இரட்டிப்பு 298. கடைச் சீட்டுப்படி வாங்கியிருந்தால் 34 அடி திறந்து கிடக்கும்.

காலைப் பார்ப்போம். 264 ஐ 8 அடியால் வகுத்து 33 என்று எழுதியிருக்கிறார்கள். மொத்தச் சுற்றளவை வகுக்கக் கூடாது. ஒவ்வொரு மூலையிலும் ஒரு கால் கட்டாயம் விழணும், அதனால் பக்கம் பக்கமாக வகுக்கணும். (அந்த 66 அடிச் சதுரத்துக்கே 33 கால் வராது. 66 ஐ 8 ஆல் வகுத்தால் 8.25. பக்கத்துக்கு 8 கட்டம் (இரண்டு காலுக்கு நடுவே உள்ள இடைவெளி) என்றால் 32 கால், 9 கட்டம் என்றால் 36 கால். 33 கால் வைத்தால் எங்கேயோ ஒரு மூலை தப்பும்.)

உங்க கணக்கு:

109 அடிப் பக்கம்: 14 கட்டம், ஒரு கட்டம் 7 அடி 9½ இன்ச்சுக்குக் கொஞ்சம் கீழே. இரண்டு பக்கமும் சேர்த்து 28 கட்டம்.

பின்பக்கம் 40 அடி: 8 அடி வீதம் 5 கட்டம்.

ரோட்டுப் பக்கம்: கேட் 10 அடி ஒரு கட்டம், மீதி 30 அடியில் 7½ அடி வீதம் 4 கட்டம். ஆக 5.

மொத்தம் 38 கட்டம். சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிகிற வேலியில் எத்தனை கட்டமோ அத்தனை கால், 38. கேட்டுக்கு இரண்டு பக்கமும் நிற்கிற காலும் இதற்குள்ளேயே அடங்கும். "கட்டத்துக்கு ஒன்று கூட" என்பது ஒரு முனையில் தொடங்கி வேறு முனையில் முடிகிற நேர்வேலிக்கு. பக்கத்து விளைக்காரர் கையாலை (எல்லைச் சுவர்) ஒரு பக்கம் ஏற்கெனவே இருந்து, நீங்க மூன்று பக்கம் மட்டும் போட்டால் அங்கே ஒரு கால் கூட வரும்.

மூலைக்காலுக்கு இரண்டு திசையிலும் தாங்குகால் வேணும். கம்பி இழுக்கும்போது மூலைதான் உள்பக்கமாகச் சாயும். கேட்டை ஒட்டிய மூலையில் கேட் பக்கம் கம்பி இல்லை, அங்கே ஒன்று போதும். ஆக நாலு மூலைக்கு 7 தாங்குகால். கேட்டின் மற்றக் காலுக்கும் ஒன்று, ஏனென்றால் அங்கேயும் கம்பி முடிகிறது. 38 உடன் இந்த 8 ஐத் தனியாகச் சேருங்க. 7 அடிக் கல்லுக்கால் என்றால் 2 அடி மண்ணுக்குள்ளே.

கம்பி: 298 − 10 = 288 அடி. ஐந்து வரிசை 1,440 அடி. முனையில் சுற்றிக் கட்ட, சுருள் மாறும் இடத்தில் பின்ன, 1,475 வைத்துக்கிடுங்க. ஏறத்தாழ 450 மீட்டர். முள்கம்பி எடைக்குத்தான் விற்பார்கள், கேஜ் (கம்பிக் கனம்) மாறினால் கிலோவுக்கு வரும் நீளமும் மாறும். கடையிலேயே சுருளிலிருந்து 3 மீட்டர் அளந்து நிறுத்தச் சொல்லுங்க. 300 கிராம் வந்தால் மீட்டருக்கு 100, ஆக 45 கிலோ. அளக்காமல் "ஒரு 50 கிலோ போடு" என்றால் கேஜ் கனமாக இருக்கும் சுருளில் நீளம் பத்தாது.

குறுக்குக்கம்பி போடுவதாக இருந்தால் அது வேறே. 8 அடிக் கட்டம், 4 அடி உயரம் என்றால் குறுக்கே ஒரு கம்பி 9 அடிக்குக் கொஞ்சம் கீழே. கட்டத்துக்கு இரண்டு.

சர்வேகல் | 3 ஜூன், மாலை 6.40

40, 109 இரண்டையும் டேப்பில் பிடித்ததோடு நிறுத்தாதீங்க. எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தாலே செவ்வகம் ஆகிவிடாது. மூலைவிட்டம் இரண்டும் பிடிங்க. செவ்வகம் என்றால் இரண்டும் 116 அடி 1 இன்ச் வரணும். ஒன்று 108, இன்னொன்று 123 அடி 8 இன்ச் என்று வந்தால் மனை சாய்ந்து கிடக்கிறது. அப்போதும் சுற்றளவு அதே 298 தான், வேலிக் கணக்கு மாறாது. பரப்பு மட்டும் 4,265 சதுர அடியாக இறங்கிவிடும், கிட்டத்தட்ட 95 சதுர அடி நட்டம். வேலி போடுகிறவனுக்குத் தெரியாது, விலைக்கு வாங்குகிறவனுக்குத்தான் அடி.

இன்னொன்று சரிவு. திங்கள்சந்தையில் பெரிசாக இருக்காது. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் நிற்கிற மேட்டில் இது பெரிய விஷயம். பட்டா, புலப்படம் எல்லாமே மட்டமாகப் பார்த்த அளவு, வேலியோ தரையோடு ஏறி இறங்கும். 109 அடி ஓட்டத்தில் தரை 20 அடி ஏறினால் கம்பி 110 அடி 10 இன்ச். 40 அடி ஏறினால் 116 அடி. இரண்டு பக்கமும் சேர்த்து 14 அடி கூடுதல், ஐந்து வரிசைக்கு 70 அடி. காலை மட்டும் மட்ட அளவில் பிரித்துக் குழி போடுங்க, இல்லையென்றால் சரிவான இடத்தில் கட்டம் மட்டமான இடத்தைவிட நெருங்கிவிடும்.

பறம்புமூலை | 4 ஜூன், காலை 6.50

264 ஐ மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிற கடைக்காரரிடம் யாராவது 20 சென்ட் கேட்டுப் பாருங்க. 528 என்பார். 20 சென்ட் சதுரமாக இருந்தால் பக்கம் 93 அடி 4 இன்ச், சுற்றளவு 373 அடி சொச்சம். நிலம் இரட்டிப்பானால் வேலி இரட்டிப்பாகாது. வேலி இரட்டிப்பாகணும் என்றால் நிலம் 40 சென்ட் ஆகணும்.

சர்வேகல் | 4 ஜூன், காலை 7.30

பாகப்பிரிவினையில் இதையே திருப்பிப் போட்டால் வரும். 66 × 66 ஐ அண்ணன் தம்பி இரண்டு பேர் பாதிப் பாதி பிரித்தால் ஆளுக்கு 33 × 66, சுற்றளவு ஆளுக்கு 198. ஒத்துப்போனால் நடு வேலி ஒன்றே போதும், மொத்தம் 330 அடி. பேச்சுவார்த்தை இல்லையென்றால் 396.

விளைக்காரன் | 5 ஜூன், இரவு 9.20

வீட்டில் முள்கம்பி வேண்டாமாம். 8 இன்ச் ஹாலோ பிளாக் மதில். 298 அடிக்கு எத்தனை பிளாக்?

நூல்பிடி | 5 ஜூன், இரவு 10.05

298 எல்லைக்கோட்டின் அளவு, சுவரின் அளவு இல்லை. சுவருக்குக் கனம் இருக்கிறது. வெளிமுகம் எல்லையில் இருந்தால் உள்முகம் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு முனையிலும் 8 இன்ச் குறையும். நாலு பக்கம், இரண்டு முனை, மொத்தம் எட்டுத் தரம். 8 × 8 இன்ச் = 64 இன்ச், அதாவது 5 அடி 4 இன்ச். மதிலை வெளியே அளந்தால் 298, உள்ளே அளந்தால் 292 அடி 8 இன்ச். மனை 5 சென்டாக இருந்தாலும் 50 சென்டாக இருந்தாலும் இந்த வித்தியாசம் மாறாது, செவ்வகமாக இருந்தால் போதும். சுவர்க் கனத்தின் எட்டு மடங்கு, அவ்வளவுதான்.

பொருள் கணக்குக்கு வெளியும் வேண்டாம், உள்ளும் வேண்டாம், நடுக்கோடு. வெளிச் சுற்றளவிலிருந்து கனத்தின் நாலு மடங்கு கழிக்கணும். 298 − 2 அடி 8 இன்ச் = 295 அடி 4 இன்ச்.

கையாலை | 6 ஜூன், காலை 5.55

நடுக்கோடு சரி, ஆனா எங்கேயிருந்து கழிக்கிறது? வானம் (அஸ்திவாரக் குழி) 2 அடி அகலம் தோண்டணும். சுவர் வெளிமுகத்தை எல்லையில் வைத்தால் வானம் 8 இன்ச் பக்கத்து விளைக்குள்ளே போகும். அவர் கேஸ் போட்டால் மதில் கட்டிய கூலி வக்கீலுக்குப் போகும். வானத்தின் வெளி ஓரம்தான் எல்லைக்கோட்டில் நிற்கணும்.

அப்போ நடுக்கோடு: 298 − 4 × 2 அடி = 290. சுவர் 8 இன்ச்சோ 9 இன்ச்சோ, வானத்தின் நடுவில் ஏறினால் இதே 290 தான்.

கருங்கல்லுக்கு இங்கேதான் காசு போகும். 2 அடி அகலம், 2 அடி ஆழம்: 290 × 2 × 2 = 1,160 கன அடி. 298 ஐ வைத்து மேஸ்திரி பில் போட்டால் 1,192. அந்த 32 கன அடி எங்கே இருக்கிறது என்று கேளுங்க. நாலு மூலையில் இருக்கிறது. ஒரு மூலை 2 × 2 × 2 = 8 கன அடி, அதை இந்தப் பக்கத்திலும் எண்ணி அந்தப் பக்கத்திலும் எண்ணியாச்சு. நாலு மூலை 32. ஏறத்தாழ மூன்றில் ஒரு யூனிட் (100 கன அடி) கல், தோண்டுகிற கூலி தனி.

பிளாக்: கேட்டைக் கழித்து 280 அடி, 3,360 இன்ச். 16 இன்ச் பிளாக், சாந்து இடைவெளியோடு 16.4 வையுங்க. வரிசைக்கு 205. 5 அடி உயரத்துக்கு 7 வரிசை, 1,435. உடைசலுக்கு நூற்றுக்கு 4 கூட்டினால் 1,500 பக்கம். கேட்டுக்கு அடியிலும் வானம் ஓடும், அதனால் கல்லில் 10 அடியைக் கழிக்காதீங்க. பிளாக்கில் மட்டும் கழிங்க.

நூல்பிடி | 6 ஜூன், காலை 8.10

கையாலை அண்ணாச்சி சொன்னது வானத்தின் நடுவில் சுவர் ஏறும்போது. இடம் குறுகலான மனையில் சுவரை எல்லையோடு ஒட்டி, வானத்தை உள்பக்கமாக மட்டும் தள்ளுவது உண்டு. அப்போ சுவருக்கு 295 அடி 4 இன்ச், வானத்துக்கு 290. ஒரே மதிலுக்கு இரண்டு நடுக்கோடு. அதைக் கூலிக்காரருக்குத் தெளிவாகச் சொல்லி நூல் கட்டலையென்றால் இரண்டும் கலங்கிப்போகும். அப்படிக் கட்டும் சுவர் ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும், 5 அடிக்கு மேலே உயர்த்தாதீங்க.

சட்டம்போடுபவர் | 6 ஜூன், பகல் 12.30

இந்த எட்டு மடங்கு படச் சட்டத்திலும் அப்படியே வரும், ஆனால் அங்கே கூட்டணும். 12 × 18 இன்ச் படம். சுற்றளவு 60 இன்ச். 60 இன்ச் பீடிங் (சட்டக் கட்டை) வெட்டினால் நாலு கட்டையும் மூலையில் சேராது. 45 டிகிரியில் வெட்டும்போது நீளமான ஓரம் வெளியே இருக்கும். பீடிங் அகலம் 1 இன்ச், கண்ணாடி உட்காருகிற காடி கால் இன்ச் என்றால் ஒரு முனையில் முக்கால் இன்ச் வெளியே போகும். 8 × ¾ = 6. ஆக 66 இன்ச், 5½ அடி. வெட்டுகிற வாள் தின்பது நாலு வெட்டுக்குச் சேர்த்து அரை இன்ச் வையுங்க.

10 அடிப் பீடிங்கில் ஒரு சட்டம்தான், மீதி 4 அடி சொச்சம். இரண்டு சட்டத்துக்கு 11 அடி வேணும். வாடிக்கையாளர் இரண்டு படத்தோடு வந்து "10 அடி ஒன்று போதும்லா?" என்று கேட்கிறது, 60 ஐயும் 60 ஐயும் கூட்டி.

லேஸ்முனை | 6 ஜூன், மாலை 4.45

மேசைவிரிப்பு ஓரத்தில் லேஸ் வைக்கிறவர்களுக்கும் அதே எட்டுதான். 4 × 6 அடி விரிப்பு, சுற்றளவு 20 அடி. 2 இன்ச் அகல லேஸை வெளியே தொங்கவிட்டால் ஒரு மூலை திரும்ப லேஸ் அகலத்தின் இரண்டு மடங்கு வேணும், 4 இன்ச். நாலு மூலை 16 இன்ச். அதோடு சேரும் இடத்துக்கு ஒரு இன்ச். 20 அடி மட்டும் வாங்கினால் மூலையில் லேஸ் விறைத்து, துணி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும்.

சுருக்கம் வைத்த லேஸ் என்றால் இதெல்லாம் செல்லாது, சுற்றளவின் ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு.

கம்பிக்கட்டு | 7 ஜூன், காலை 6.20

பீம் ரிங்கை (பீமுக்குள்ளே போகும் கம்பி வளையம்) விட்டுட்டீங்களே. வீடு கட்டுகிறவர் ஆயிரம் செவ்வகத்துக்குச் சுற்றளவு கட்டுகிற இடம் அதுதான்.

230 × 300 மி.மீ. பீம் (9 × 12 இன்ச்). சுற்றிலும் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்) 25 மி.மீ. ரிங் வெளி அளவு 180 × 250, சுற்றளவு 860. 8 மி.மீ. கம்பி. கொக்கி 135 டிகிரி, ஒன்று கம்பிக் கனத்தின் 10 மடங்கு, 80 மி.மீ. இரண்டு கொக்கி 160. கூட்டினால் 1,020. அப்புறம் வளைவுக்குக் கழிக்கணும். வளைகிற இடத்தில் கம்பி மூலையைத் தொடாமல் உள்ளே குறுக்கிக்கொண்டு போகும். 90 டிகிரி வளைவு மூன்று, ஒன்றுக்குக் கனத்தின் 2 மடங்கு: 48. 135 டிகிரி இரண்டு, ஒன்றுக்கு 3 மடங்கு: 48. 1,020 − 96 = 924 மி.மீ.

இனி 12 மீட்டர் கம்பியில் வெட்டுங்க. 12 ரிங்குக்கு 11,088 போச்சு, மீதி 912. பதின்மூன்றாவது ரிங்குக்கு 12 மி.மீ. பத்தாது. கொக்கியை 75 ஆக்கினால் வெட்டு நீளம் 914, ஒரு கம்பிக்கு 13 ரிங். ஐ.எஸ். 13920 இன் 2016 பதிப்பில் கொக்கி 6 மடங்கு, குறைந்தது 65 மி.மீ. இருந்தால் போதும், அதனால் 75 தாராளம். வளைவுக்குக் கழிப்பதை விட்டுட்டு 1,020 என்றே வெட்டுகிற ஆள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கம்பிக்கு 11 ரிங்தான். கொக்கி நீண்டு பீம் நடுவில் நீட்டிக்கொண்டு, கான்கிரீட் இறங்க விடாது.

கடலோரத்துக்கு ஒரு விஷயம். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி மாதிரி உப்புக்காற்று நேரே அடிக்கிற இடத்தில் 25 கவர் பத்தாது, 45 கேட்பார்கள். கவர் 20 மி.மீ. கூடினால் ரிங் சுற்றளவு 8 × 20 = 160 மி.மீ. குறையும். 860 போய் 700. பழைய அச்சிலேயே வளைத்து வந்தால் ரிங் பலகையை முட்டும், கவர் கட்டை வைக்க இடம் இருக்காது.

பறம்புமூலை | 7 ஜூன், காலை 6.58

எட்டு, எட்டு, எட்டு. சனி தசை மாதிரில்லா பின்னாலேயே வருது.

தச்சுக்கோல் | 7 ஜூன், இரவு 8.30

தசையை எடுத்ததால் சொல்கிறேன். மனைக்கணக்கில் சுற்றளவுதான் எல்லாவற்றுக்கும் முதல். விளவங்கோடு, கல்குளம் பக்கம் பழைய முறையில் வீடு குறிக்கிற ஆசாரி பரப்பைக் கேட்க மாட்டார், சுற்றைக் கேட்பார்.

1 கோல் 24 அங்குலம், 72 செ.மீ. இந்த அங்குலம் 3 செ.மீ. டேப்பில் இருக்கும் 2.54 செ.மீ. இன்ச் இல்லை. இரண்டையும் ஒன்றாக எடுத்தால் கோலுக்கு 11 செ.மீ. போகும்.

யோனி (மனையடிப் பொருத்தம்) பார்க்க: சுற்றைக் கோலில் எடுத்து 3 ஆல் பெருக்கி 8 ஆல் வகுக்கணும். மீதி 1, 3, 5, 7 வந்தால் எடுக்கலாம், இரட்டைப்படை ஆகாது. 8 கோலுக்கு 5 கோல் 12 அங்குலம் ஒரு முறி (அறை). கூட்டினால் 13½, சுற்று 27 கோல். 27 × 3 = 81, எட்டால் வகுத்து மீதி 1. கிழக்குக்கான கொடி யோனி. மீட்டரில் 5.76 × 3.96, சுற்று 19.44.

யோனி இரட்டையாக விழுந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சுற்றில் 8 அங்குலம் கூடினால் யோனி ஒன்று ஏறும். அதாவது நீளத்தில் மட்டும் 4 அங்குலம், 12 செ.மீ. நீட்டினால் போதும். பிளானைத் தலைகீழாக மாற்ற வேண்டியதில்லை.

நூல்பிடி | 7 ஜூன், இரவு 9.10

சுற்று வெளிச்சுவரிலா, உள்ளேயா? அங்கேதானே ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எஞ்சினியர் உள்ளளவு கொடுப்பார், ஆசாரி வெளியளவு பிடிப்பார், கடைசியில் வீட்டுக்காரர் நடுவில் நிற்பார்.

தச்சுக்கோல் | 7 ஜூன், இரவு 10.40

அந்தச் சண்டைக்கும் உங்க எட்டு மடங்கே பதில் சொல்லும். வெளிக்கும் உள்ளுக்கும் வித்தியாசம் சுவர்க் கனத்தின் 8 மடங்கு. சுவர் 8 அங்குலம் (24 செ.மீ.) என்றால் 64 அங்குலம், அதாவது 2 கோல் 16 அங்குலம். 3 ஆல் பெருக்கினால் சரியாக 8. எட்டால் வகுக்கும்போது காணாமல் போய்விடும். ஆக 24 செ.மீ. சுவரில் வெளியே பிடித்தாலும் உள்ளே பிடித்தாலும் ஒரே யோனி.

நடுக்கோட்டில் பிடித்தால்தான் மாறும், நாலு யோனி தள்ளும். ஒன்று ஐந்தாகும். ஒற்றை ஒற்றையாகவேதான் நிற்கும், திசை மட்டும் மாறும்.

9 இன்ச் செங்கல் சுவர் ஏறத்தாழ 23 செ.மீ., 7⅔ அங்குலம். அங்கே உள்ளளவு முழு எண்ணில் விழாது. பூச்சையும் சேர்த்து 24 க்குக் கொண்டுவந்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. பூச்சுக்கு முன்பா பின்பா என்பதை முதலிலேயே பேசிக்கிடணும். நம்பிக்கை இருக்கிறவர் பாருங்க, இல்லாதவர் விடுங்க. கணக்கு இதுதான்.

கையாலை | 8 ஜூன், காலை 6.05

நாலு பக்கத்தையும் கூட்டக் கூடாத இடங்கள் இருக்கு. கதவு நிலை 7 × 3½ அடி. சுற்றளவு 21 அடி. கீழே படி வைத்த நிலைக்கு 21, படி இல்லாத நிலைக்கு 17½. மரம் அறுக்கக் கொடுக்கும் முன்னே இதைக் கேட்கணும். சுவருக்குள்ளே ஏறுகிற கொம்பு தனி.

தோவாளையில் பூ வாங்கிப் படத்துக்கு மாலை போடுகிறவரும் நாலு பக்கம் கூட்டக் கூடாது. மேலேயும் இரண்டு பக்கமும்தான். 18 × 24 இன்ச் படம் நெட்டுக்கு நின்றால் 18 + 24 + 24 = 66 இன்ச். முழம் 18 இன்ச் என்று பிடித்தால் நாலு முழத்துக்குள்ளே. ஆனா முழம் பூக்காரர் கை நீளம், குட்டைக் கையாக இருந்தால் ஐந்தாகக் கேளுங்க.

சர்வேகல் | 8 ஜூன், காலை 9.40

மூன்று பக்கத்துக்கு நம்ம ஊரிலேயே பெரிய உதாரணம் மாத்தூர் தொட்டிப்பாலம். 1966 இல் கட்டியது. தொட்டி ஏழரை அடி அகலம், ஏழு அடி உயரம். நீர்ப்பாசனக் கணக்கில் "நனையும் சுற்றளவு" என்று ஒன்று. தண்ணீர் தொடுகிற அடியும் இரண்டு பக்கமும் மட்டும், மேலே திறந்திருப்பதால் அது சேராது. தண்ணீர் 4 அடி நின்றால் 7½ + 4 + 4 = 15½ அடி. முழுக்க நிரம்பினால் 21½. தண்ணீர் உரசி வேகம் இழப்பது இந்த நீளத்தில்தான். தண்ணீரின் குறுக்குவெட்டுப் பரப்பை இதால் வகுத்துத்தான் ஓட்டம் கணக்கிடுவார்கள். வீட்டு வாய்க்காலுக்கு உள்பக்கம் சிமென்ட் பூசுகிறவரும் இதே மூன்று பக்கத்தைத்தான் எடுக்கணும்.

நூல்பிடி | 8 ஜூன், பகல் 2.00

ஸ்கர்ட்டிங் டைல் (சுவரடியில் ஒட்டும் பட்டை) கேட்டு ஒருத்தர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார், இங்கேயே போடுகிறேன். 12 × 10 அறை, 44 அடி, 3 அடிக் கதவு ஒன்று கழித்தால் 41. 2 × 2 டைலை 4 இன்ச் பட்டையாக வெட்டினால் 6 வரும் என்பது தாளில். பிளேடு ஒரு வெட்டுக்கு 3 மி.மீ. வரை தின்னும், ஆறும் 97 மி.மீ. பக்கம்தான் வரும். முழு 100 வேணும் என்றால் ஐந்துதான். 41 அடிக்கு 21 பட்டை. ஆறு வீதம் 4 டைல், ஐந்து வீதம் 5 டைல். எல்லா அறைக்கும் ஒரே உயரத்தை முடிவு பண்ணிட்டு வெட்டுங்க.

இன்னொன்று, 12 அடி 6 இன்ச்சை 12.6 என்று எழுதி கால்குலேட்டரில் போடாதீங்க. அது 12.5. 7 அடி 9 இன்ச் 7.75. 10 இன்ச், 11 இன்ச்சை ".10", ".11" என்று எழுதுகிறவரும் உண்டு, அங்கே முக்கால் அடிக்கும் கொஞ்சம் மேலே வரை போகும். இன்ச்சை 12 ஆல் வகுத்துவிட்டுக் கூட்டுங்க.

கடலோரம் | 9 ஜூன், காலை 5.30

வலைக்கு இந்தக் கணக்கைக் கொண்டு வராதீங்க. செவுள்வலை விரித்தால் செவ்வகம்தான், மேல்கயிறு, கீழ்கயிறு என்று சுற்றிக் கயிறு போகும். ஆனால் வலைத்துணி 100 மீட்டர் என்று வாங்கினால் அது கண்ணியை இழுத்துப் பிடித்த நீளம். பாதி விகிதத்தில் கோத்தால் கயிறு 50 மீட்டர்தான். துணி நீளத்துக்குக் கயிறு வாங்கினால் இரட்டிப்புக் காசு.

பறம்புமூலை | 9 ஜூன், மாலை 5.15

வாலிபால் கோர்ட் வரைய நாடா எவ்வளவு? 18 × 9 மீட்டர், 54 தானே?

நூல்பிடி | 9 ஜூன், மாலை 6.00

கோடு கோர்ட்டுக்குள்ளே சேர்த்தி. 5 செ.மீ. நாடாவின் வெளி ஓரம்தான் 18 × 9. நீளப் பக்கம் இரண்டும் முழு 18, அகலப் பக்கம் இரண்டும் அவற்றுக்கு நடுவே 8.9. மொத்தம் 53.8. நடுக்கோடும் இரண்டு தாக்குதல் கோடும் ஓரக்கோடுகளுக்கு நடுவே அடங்கும், ஒன்று 8.9, மூன்றுக்கு 26.7. ஆக 80.5 மீட்டர், முளையில் மடக்கிக் கட்ட முனைக்கு 15 செ.மீ. கூட. ஏழு துண்டு, பதினாலு முனை, 2.1 மீட்டர். 83 வாங்குங்க. மணல் தரையில் முதலில் மூலைவிட்டம் 20.12 மீட்டர் பிடித்து நாலு முளை அடிச்சுட்டு நாடாவை இழுங்க.